தடைக்காலத்து இரவுகள்

(பாம்பனில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், பின்னால் சுவரோரம் நிற்கிற தம்பிகளுக்கும் வணக்கம். தம்பிகள் முன்னால் வந்து உட்காரலாம், இடம் இருக்கிறது. உங்களைத் திட்ட நான் வரவில்லை.

தடைக்காலம் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் இனம் பெருகட்டும் என்று விட்டிருக்கிற காலம் இது. இந்த நாட்களில் போனும் கையுமாக இருக்கிற நம் பிள்ளைகளின் தூக்கமும் மனசும் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

படகு ஓடுகிற மாதங்களில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் போவார்கள். கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடும். அப்புறம் வலை, மீன், கூட வந்தவர்களின் பேச்சு, அவ்வளவுதான். விடியலில் கரை நெருங்கும்போது எல்லார் பையிலும் ஒரே நேரத்தில் போன் கிணுகிணுக்கும். வாரத்தில் மூன்று இரவு கடல்தான் அந்தப் போனை அடக்கி வைத்திருந்தது. இப்போது அந்த மூன்று இரவையும் போன் எடுத்துக்கொண்டது.

என் அக்கா மகனுக்கு 23 வயது. போன வருஷம் இதே மாதத்தில் அக்கா என்னிடம் வந்து, "பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான். சோறு ஆறிப் போகுது. கேட்டா எரிஞ்சு விழுறான். அந்தப் போனைப் பிடுங்கிக் கடல்ல போட்டுடு தம்பி" என்று அழுதது. ராத்திரி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். படகிலிருந்து எடுத்த ஒரு அந்திவானப் படத்தை ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். போனைக் கவிழ்த்து வைப்பான், இரண்டு நிமிஷத்தில் திருப்பிப் பார்ப்பான். 41 பேர் பார்த்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த 41 பெயரையும் மேலிருந்து கீழாக விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான். கொஞ்ச நேரத்தில் படத்தையே அழித்துவிட்டான்.

"தினமும் என்னடா பார்க்கிற, எனக்கும் காட்டு" என்றேன். காட்டினான். கூடப் படித்தவன் ஒருவன் துபாயில் ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்து நிற்கிறான். அந்தப் பையனின் அம்மா எங்கள் தெருதான். ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கியிருப்பதும் கார் முதலாளியுடையது என்பதும் எனக்குத் தெரியும். என் மருமகனுக்கும் தெரியும். தெரிந்தும் வலிக்கிறது. இதை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். பகலில் கேட்டால் அவனே சிரித்துக்கொண்டு சொல்வான், அது அவன் கார் இல்லை என்று. இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கெட்ட மனசுக்கு அந்த நியாயம் எட்டுவதில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பெரிய கணக்கெடுப்புகளை அலசிய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், பதின்பருவப் பிள்ளைகளின் மனநலம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில், போன், கணினி போன்ற டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தக்கூடிய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று 2019இல் எழுதினார்கள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கடற்கரை முழுக்கச் சராசரி எடுத்தால் மூழ்கிய ஒரு படகு கணக்கில் தெரியாது, இல்லையா? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2018இல் 143 மாணவர்களை வைத்து வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். பாதிப்பேர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் தலா 10 நிமிஷம், ஆக ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் பார்க்கலாம். மூன்று வாரத்தில் அவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. யாரும் போனைத் தூக்கி எறியவில்லை, அளவு வைத்துக்கொண்டார்கள்.

அளவு வைப்பது ஏன் கஷ்டம்? கரைவலை இழுக்கிறவனுக்கு மடி, அதாவது மீன் சேர்கிற வலைப்பை, கரைக்கு வந்ததும் இழுப்பு முடிந்துவிடும். போனில் மடியே வருவதில்லை. முன்பெல்லாம் பக்கம் முடியும், அடுத்த பக்கத்துக்கு நாமே தட்ட வேண்டும். 2006இல் ஏசா ராஸ்கின் என்கிற அமெரிக்கர் முடிவே இல்லாமல் ஓடுகிற திரையை வடிவமைத்தார். பின்னாளில் அதற்காக அவரே வருந்தினார். ஆகவே "உனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று பிள்ளையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் என்னிடம் சொன்னதையும் சொல்ல வேண்டும். அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துப் போன செய்தி அவளுக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அப்பா நலம் என்பதும் அதிலேயே வந்தது. நல்லது. ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே, "எல்லை தாண்டினால் பிடிக்கத்தான் செய்வான்" என்று முகம் தெரியாதவர்கள் எழுதியதை எல்லாம் விடியும் வரை ஒன்று விடாமல் படித்திருக்கிறாள். அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தச் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பயம். மனசின் நோயை வெளியே சொல்லாமல் மறைப்பது நம் கரைக்குப் புதிதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைகள். 2017 மனநலச் சட்டப்படி இன்று யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. இருந்தும் என் அக்கா என்ன சொன்னது தெரியுமா? "ஆஸ்பத்திரிக்கு வேணாம் தம்பி, தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

நான் அக்கா பேச்சைக் கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் மூன்று தடவை கூட்டிப் போனேன். தூக்கம் முதலில் சரியானது, மற்றது மெதுவாக. மருத்துவமனைக்குப் போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலி மானஸ் என்கிற தொலைபேசி வழி மனநல உதவி இது, 2022இல் மத்திய அரசு தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். வாசல் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். போகும்போது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துபாய்ப் பையனைப் பற்றிச் சொன்னேனே, அன்று ராத்திரியே என் மருமகனை அவனுக்குப் போன் போட வைத்தேன். ஒரு வருஷமாக ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, பேசவே இல்லை. அந்தப் பக்கம் எடுத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "டேய், அங்க கச்சான் எடுத்துருச்சா?"

கட்டிப் போட்டிருந்த படகில் இவன் சாய்ந்துகொண்டிருக்க, இருவரும் முக்கால் மணி நேரம் அந்தக் கச்சான் காற்றைப் பற்றியே பேசினார்கள்.