கை நீளும் முன்பே மூளை போட்ட கணக்கு

அனைவருக்கும் வணக்கம். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கையைத் திரும்பப் பழக்கும் பணியில் இருக்கிறேன். கையைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். ஆனால் மூளையிலிருந்து தொடங்குகிறேன். பக்கவாதத்தில் "கை விழுந்துடுச்சு" என்கிறோமே, அப்போது கையின் எலும்பும் தசையும் நன்றாகவே இருக்கின்றன. அடிபட்டது மூளையில்.

முதலில் ஒன்று செய்து பார்ப்போம். இடது உள்ளங்கையை நீட்டி, கனமான புத்தகம் ஒன்றை அதன்மேல் வையுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் அதை எடுக்கட்டும். கை விருட்டென்று மேலே எழும்புகிறதா? சரி, மறுபடி வையுங்கள். இப்போது உங்கள் வலது கையாலேயே எடுங்கள். இடது கை அநேகமாக அசையாது.

அதே எடை, அதே கை. ஆனால் இரண்டாம் முறை, வலது கைக்குக் கட்டளை போகும்போதே, எடை குறையப்போகிறது என்று மூளைக்குத் தெரியும். அதே நொடியில் இடது கைத் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. சிங்கப்பூரின் தேக்காவில் தே தாரிக், அதாவது உயரத் தூக்கி இழுத்து ஆற்றும் பால் தேநீர், ஆற்றுபவரைப் பாருங்கள். மேலே இருக்கும் குவளை காலியாகிக்கொண்டே வருகிறது, கீழே இருப்பது கனத்துக்கொண்டே போகிறது. இரண்டு கையும் தடுமாறுவதில்லை. அவர் எடையைக் கவனித்துக் கவனித்துத் திருத்துவதில்லை. முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறார்.

ஏன் முன்கூட்டியே? கண் பார்த்த செய்தி மூளைக்குப் போய், அது கையின் பாதையைத் திருத்துவதற்குள் நூறு மில்லிவிநாடிக்கு மேல் ஆகிவிடும். ஒரு கோப்பையை வேகமாக எட்டும் அசைவோ அரை விநாடியில் முடிந்துவிடலாம். செய்தி வரட்டும் என்று காத்திருந்தால் கை இலக்கைத் தாண்டிப்போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இதையே பார்க்கிறோம். மூக்கைத் தொடச் சொன்னால், விரல் நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். முன்கணிப்பில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், மூளை முன்கூட்டியே போடும் இந்தத் திட்டம் எதைப் பற்றியது? தோளிலிருந்து மணிக்கட்டு வரை நம் கை ஏழு விதமாகத் திரும்பக்கூடியது. ஆகவே ஒரே கோப்பையை எட்ட எண்ணற்ற வழிகள் உண்டு. 1920களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களின் உடலில் சிறு விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். சுத்தியல் முனை ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. தோளும் முழங்கையுமோ அடிக்கு அடி சற்று வேறு வேறாகப் போயின. மூளை இறுகப் பிடித்துக்கொள்வது முனையைத்தான். அரிசித் தட்டில் ஒரு விரலால் எழுதிப் பழகிய 'அ'வைக் கரும்பலகையில் தோளை வீசிப் பெரிதாக எழுதினாலும் உங்கள் 'அ' உங்களுடையதாகவே இருக்கிறது. தசைகள் வேறு, வடிவம் அதே.

1981இல் மொராசோ என்பவர் மேசைமேல் கையை ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தச் சொல்லி அளந்தார். எங்கிருந்து எங்கே போனாலும் கை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போனது. வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. ஏன் இவ்வளவு வழுவழுப்பு? 1998இல் ஹாரிஸும் வோல்பர்ட்டும் சொன்ன விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தசைக்குப் போகும் கட்டளை பலமாகும்போது அதிலுள்ள பிசிறும், அதாவது தாறுமாறான ஏற்ற இறக்கமும், கூடும், அதனால் வெடுக்கென்று இழுக்காத அசைவே குறி தவறாது.

மூளையில் கை போகவேண்டிய திசையை முடிவு செய்யும் தனி அதிகாரி யாரும் இல்லை. 1980களில் ஜார்ஜோபூலஸ் குழுவினர் குரங்குகளில் கண்டது இது: அசைவுக்குக் கட்டளையிடும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியில் பெரும்பாலான செல்களுக்குத் தனித்தனியே பிடித்தமான ஒரு திசை உண்டு. பல செல்களின் குரலைக் கூட்டினால்தான் கை போகும் திசை தெரியும்.

இனி, என் மனதுக்கு மிக நெருக்கமான ஆய்வுக்கு வருகிறேன். 1994இல் ஷாட்மேரும் மூசா-இவால்டியும் ஓர் இயந்திரக் கைப்பிடியைப் பிடித்து நகர்த்தச் சொன்னார்கள். இயந்திரம் கையைத் தள்ளிவிட்டது. பாதை வளைந்தது. பழகப் பழக நேரானது. பிறகு திடீரென்று அந்தத் தள்ளலை நிறுத்தினார்கள். கை எதிர்ப்பக்கம் வளைந்து போனது! மூளை கையை விறைப்பாக்கிச் சமாளிக்கவில்லை. அந்த விசையையே கற்றுக்கொண்டிருந்தது. நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான எச்-மேன் என்ற கருவியும் முதலில் இப்படிக் கை அசைவை ஆராயச் செய்யப்பட்டதுதான். பக்கவாத நோயாளிகளின் பயிற்சிக்கும் அது வந்திருக்கிறது.

எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து மூளை கற்கிறது. அதனால்தான் வீட்டில் இருப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். அம்மாவால் முடியவில்லையே என்று ஓடிவந்து ஊட்டிவிடும்போது, அவர் மூளைக்குக் கணிக்கவும் ஒன்றுமில்லை, பிழை காணவும் ஒன்றுமில்லை. அன்பினால் செய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் ஓரளவு அசையும் கையாக இருந்தால், காலிப் பிளாஸ்டிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி, கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் வையுங்கள். அவரே எட்டட்டும், தவறட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

ரப்பர் பந்தை அழுத்தினால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. அதில் எட்டுவது இல்லை, குறிபார்ப்பது இல்லை, விரலைத் திறப்பது இல்லை. விரல்கள் மடங்கி இறுகியிருப்பவர்கள் தங்கள் சிகிச்சையாளரைக் கேட்காமல் பந்தை வாங்கவே வேண்டாம்.