இணை என்றால் எந்த இணை?

வணக்கம் நண்பர்களே. இன்று 'இணை' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பேசப்போகிறேன். ஒருவரை இணையற்றவர் என்று புகழும்போது அவருக்கு நிகர் இல்லை என்கிறோம். இணைபிரியாதவர்கள் என்னும்போது சேர்ந்தே இருப்பவர்களைச் சொல்கிறோம். நிகராக இருப்பதும் சேர்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பதால், ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய பொருளை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறது.

யாப்பில் பக்கத்தில் நிற்பதே முக்கியம். 'இறந்தார் இறந்தார் அனையர் சினத்தை' என்று தொடங்கும் குறளின் முதலடியில் முதலிரு சீர்களும் 'இ' என்று தொடங்குவதால் அது இணைமோனை; ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் ஒன்றியிருந்தால் பெயரே பொழிப்பு என்று மாறிவிடும். வடிவியலிலோ, எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத கோடுகளுக்குத்தான் இணைகோடுகள் என்று பெயர். பிரிந்தே இருப்பவற்றை இணை என்பது சற்றுக் குறும்பாகத்தான் தோன்றுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது டிஎன்ஏ, அதாவது முறுக்கிய ஏணி போன்ற வடிவம் கொண்ட மரபுப்பொருள். அதன் படிகளில் அடினைனுக்குத் தைமினும் குவானைனுக்குச் சைட்டோசினும் இணை. அடினைனும் குவானைனும் இரட்டை வளையம் கொண்ட பெரிய மூலக்கூறுகள், மற்ற இரண்டும் ஒற்றை வளையம் கொண்ட சிறியவை. பெரியவை இரண்டு எதிரெதிரே வந்தால் இடம் போதாது, சிறியவை இரண்டு வந்தால் ஒன்றையொன்று எட்டாது. ஆகவே பெரியதும் சிறியதும் சேர்ந்தால்தான் அந்தத் திருகேணியின் அகலம் முழுநீளத்துக்கும் ஒரே சீராக இருக்கும். முதல் இணையை 2 ஹைட்ரஜன் பிணைப்புகளும் அடுத்ததை 3 பிணைப்புகளும் பிடித்து வைத்திருக்கின்றன. இதே மூலக்கூறின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் அவற்றை எதிர் இணை இழைகள் என்கிறார்கள். அங்கே 'இணை' வடிவியலின் பொருளில் வருகிறது. ஆக, ஒரே மூலக்கூறைப் பற்றிப் படிக்கும்போதே இந்தச் சொல்லை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வேதியியலில் இணை அமிலம், இணை காரம் என்பவற்றுக்கு இடையே ஒரு புரோட்டான்தான் வேறுபாடு. அமோனியா ஒரு புரோட்டானை ஏற்றால் அமோனியம் அயனி. இழந்தால் மீண்டும் அமோனியா.

மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திகளில் நிலைமை இன்னும் விசித்திரமானது. இயல்பாக ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்கள், படிக அணிக்கோவையின், அதாவது ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களின், அதிர்வுகள் வழியே மெல்லிய ஈர்ப்பைப் பெற்று இணையாக முடியும் என்று 1956இல் இயற்பியலாளர் லியான் கூப்பர் காட்டினார். வழக்கமான மீக்கடத்திகளில் அத்தகைய இணையின் இரு எலக்ட்ரான்களும் பல நூறு அணு இடைவெளி தள்ளியிருக்கலாம். இடையே எண்ணற்ற பிற இணைகளும் பின்னிக் கிடக்கும் என்பதால், எந்த எலக்ட்ரானுக்கு எது இணை என்று அங்கே விரல்நீட்டிக் காட்ட இயலாது.