நாலாம் கட்டளையும் நம்ம வீட்டுப் பணிப்பெண்ணும்

சகோதர சகோதரிகளே, ரோமர் 7ல பவுல் சொன்னது நம்ம எல்லாருக்கும் மனப்பாடம், விரும்புற நன்மைய செய்யல, விரும்பாத தீமையத்தான் செய்றேன்னு. அந்தப் போராட்டம் உண்மைதான், குடியோட கோபத்தோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டுறவங்களுக்கு அதோட வலி தெரியும். ஆனா நாம செய்யாம விடுற எல்லாமே அந்தப் போராட்டத்துல சேருமா?

யாத்திராகமம் 20:10 எடுங்க, பத்துக் கட்டளைகள்ல நாலாவது, ஓய்வுநாள் கட்டளை. ஓய்வுநாள்ல நீயும் உன் பிள்ளைங்களும் மட்டும் இல்ல, உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் மிருகஜீவன், உன் வாசலுக்குள்ள இருக்குற அந்நியன் வரைக்கும் யாரும் வேலை செய்ய வேண்டாம்னு ஆண்டவர் ஒவ்வொருத்தரா பேர் சொல்றாரு. உபாகமம் 5ல இன்னும் ஒரு படி மேல போயி, நீயும் எகிப்துல அடிமையா இருந்தவன்தான், அத நெனச்சுக்கோங்கறாரு. நம்மள்ல பலபேரோட தாத்தா பாட்டியும் கூலிவேலைக்குக் கப்பல் ஏறி வந்தவங்கதானே.

சிங்கப்பூர்ல 2013 ஜனவரியிலேர்ந்து பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வுன்னு விதி வந்துச்சு, ஆனா அவங்க ஒத்துக்கிட்டா அந்த நாளுக்குக் காசு குடுத்து வேலை வாங்கிக்கலாம்னும் இருந்துச்சு. வாங்கிக்கிட்டோம். ஏஜென்ட் கடன் சம்பளத்துல கழிஞ்சிட்டு இருக்குற ஒரு பொண்ணு, "பரவால்ல மேடம், நான் வேலை செய்றேன்"னு சொன்னத நாம சம்மதம்னு எடுத்துக்கிட்டோம். 2023 ஜனவரியிலேர்ந்து மாசத்துல ஒரு நாளாவது லீவு விட்டே ஆகணும், அந்த நாளக் காசு குடுத்து ஈடுகட்ட முடியாது. எனக்கு மனசு ரொம்ப வலிக்குது, ஞாயித்துக்கிழமை பள்ளியில பிள்ளைங்களுக்கு நாமளே ஒப்பிக்கச் சொல்லிக்குடுத்த கட்டளை இது, நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கு மனிதவள அமைச்சு விதி போட வேண்டியதாப் போச்சு. நம்ம பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆராதனையில கடைசி வரிசையில உக்காந்திருக்காங்களே, அதுவும் வேலைதான், அத லீவுன்னு கணக்கு வைக்காதீங்க.

லீவு விடுறதுல மாம்சத்தோட, அதாவது நம்ம பாவ சுபாவத்தோட, என்ன போராட்டம் இருக்கு சொல்லுங்க? ஒரு நாள் நாம சமைக்கணும், இல்ல கீழ காப்பிக்கடையில வாங்கணும், வயசான அம்மாவ குளிப்பாட்ட அண்ணன் தங்கச்சிங்க முறை போட்டுக்கணும். சிரமம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இதுக்கு ரோமர் 7 பொருந்தாது, யாக்கோபு 4:17தான் பொருந்தும், நன்மை செய்யத் தெரிஞ்சும் செய்யாட்டி அது பாவம்.

அதனால இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பணிப்பெண்கிட்ட லீவுக்கு எந்த நாள் வசதின்னு கேளுங்க. அன்னிக்குக் காலையில நாஷ்டா செஞ்சு வெச்சுட்டுப் போகச் சொல்லாதீங்க, ராத்திரி திரும்பி வர்றப்ப சிங்க்ல பாத்திரத்தப் போட்டு வைக்காதீங்க.