லாரி மேலே வரும்போது என்ன கொண்டுவருகிறது?

(கோத்தகிரியில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது. எழுத்தாக்கும்போது சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன். கோபம் வந்த இடங்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.)

பெரியோர்களே, தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பிகளே, வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'வணிகமும் வட்டார ஏற்றத்தாழ்வும்'. அழைப்பிதழில் படித்தபோது முப்பது வருடம் பொருளியல் கற்றுக்கொடுத்த எனக்கே கொட்டாவி வந்தது. ஆகையால் ஒரு கேரட் மூட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

என் மைத்துனருக்குக் கேத்தி பாலாடா பக்கம் கொஞ்சம் நிலம். போன மாதம் அறுவடைக்கு அவரோடு நானும் போனேன். இரவு இரண்டு மணி. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஆட்கள் வரிசையாகக் குனிந்து பிடுங்குகிறார்கள். பிடுங்கியது நேராகக் கழுவும் இயந்திரத்துக்குப் போகிறது. தண்ணீர் பீய்ச்சப் பீய்ச்ச, மண்கட்டி போல உள்ளே போனது ஆரஞ்சு நிறத்தில் வெளியே வருகிறது. ஈரம் சொட்டச் சொட்டச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினார்கள். விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இருந்தாக வேண்டும். லாரி போன பிறகு மைத்துனர் திண்ணையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் மணி அடித்தது. கீழேயிருந்து விலை சொன்னார்கள். இவர், "சரிங்க" என்றார். மூன்று மாதத்துக்கு மேல் பாடுபட்ட மனிதருக்கு விலை நிர்ணயத்தில் கிடைத்த பங்கு அந்த ஒரு சொல்தான்.

பிறகு மண்டிச் சீட்டு வந்தது. விற்ற தொகைக்குக் கீழே கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை எல்லாம் வரிசையாகக் கழிந்திருந்தன. அதே லாரி திரும்பி வரும்போது அரிசி, சிமென்ட், உரம், விதை, பிஸ்கட் பெட்டி என்று ஏற்றி வருகிறது. மேலே வரும் பொருளின் விலையில் மலையேறிய கூலி சேர்ந்திருக்கிறது. கீழே போகும் கேரட்டின் விலையில் மலையிறங்கிய கூலி கழிந்திருக்கிறது. போகும்போதும் வரும்போதும் வாடகை கொடுப்பது நாம்தான்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கூட்டங்களில் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "ரோடு நன்றாகப் போட்டால் சரியாகிவிடும்." நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். இன்று அதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

சாலைக்கும் ரயிலுக்கும் நான் எதிரி இல்லை. இந்த ஊர் இப்படி இருப்பதற்கே 1820களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் போட்ட பாதைதான் காரணம். அதற்கு முன்பும் இங்கே வணிகம் இருந்தது. படகர் தானியம், தோடர் நெய், கோத்தர் செய்த இரும்புக் கருவியும் மண்பாண்டமும், குறும்பர் கொண்டுவந்த தேன் என்று மலைக்குள்ளேயே ஒரு கொடுக்கல் வாங்கல் சுற்றிக்கொண்டிருந்தது. பாதை வந்தது, கோவைக் கலெக்டர் சல்லிவன் துரையும், அவரோடு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வந்தன. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கர ரயில், 1908இல் ஊட்டி வரை. இன்று அதில் சுற்றுலாப் பயணிகள் செல்போனை நீட்டிக்கொண்டு போகிறார்கள். அன்று அதில் உருளைக்கிழங்கும் தேயிலையும் போயின.

வெள்ளைக்காரன் காலத்து ரயிலால் விவசாயிக்கு ஏதாவது நன்மை உண்டா என்று டேவ் டொனால்ட்சன் என்ற பொருளியலாளர் பழைய ஆவணங்களைத் துருவிக் கணக்குப் போட்டார். ரயில் எட்டிய மாவட்டங்களில் வேளாண் வருமானம் ஏறத்தாழ 16 விழுக்காடு கூடியது என்பது அவர் கண்டது. ஆகவே வழி திறந்தால் வருமானம் கூடும் என்பதில் உண்மை இருக்கிறது.

ஆனால் சீனாவுக்குப் போனால் கதை மாறுகிறது. 1980இல் ஷென்ஜென், சூஹாய், ஷாண்டோ, ஷியாமென் என்று கடலோரத்தில் நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களைத் திறந்தார்கள். கடற்கரை கொழித்தது, உள்நாடு பின்தங்கியது. பிறகு பெரிய நகரங்களை இணைத்து அகலமான நெடுஞ்சாலைகள் போட்டார்கள். இடையில் அகப்பட்ட சிறிய வட்டங்களுக்கு என்ன ஆனது என்று பெஞ்சமின் ஃபேபர் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். சாலை கிடைத்த சிறிய வட்டங்களின் தொழில் வளர்ச்சி, சாலை கிடைக்காத அதே மாதிரி வட்டங்களைவிடக் குறைந்திருந்தது. படித்தபோது நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தேன். யோசித்தால் வியப்பில்லை. சாலை இல்லாதவரை உள்ளூர்ச் செங்கல் சூளை, உள்ளூர் சோப்பு, உள்ளூர்த் தையல் கடை எல்லாம் தூரத்தின் நிழலில் பிழைத்துக்கிடந்தன. சாலை வந்ததும் பெருநகரத்துத் தொழிற்சாலை நான்கு மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிட்டது. நம்மிடமும் நடந்ததுதானே! ஊட்டி உருளைக்கிழங்குக்குத் தனிப் பெயர் உண்டு. மேட்டுப்பாளையம் மண்டியில் அதன் பக்கத்திலேயே கோலார்க் கிழங்கும் குஜராத் கிழங்கும் குவிந்து கிடக்கின்றன. அதே சாலை, அதே லாரி.

பிரேசில் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். அந்த நாட்டின் வடகிழக்கில் பெரும்பகுதி வறண்ட பூமி. கரும்பும் பருத்தியும் விளைவித்து ஏற்றுமதி செய்தது. தெற்கே சாவ் பாலோவில் ஆலைகள் பெருகின. 1958இல் வடகிழக்கில் கொடும் வறட்சி. அடுத்த வருடம் அந்த வட்டாரத்துக்கென்றே சுதேனே என்ற அரசு முகமை உருவானது. அதை வழிநடத்தியவர் செல்சோ ஃபுர்டாடோ என்ற பொருளியலாளர். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வறட்சி மட்டும் வடகிழக்கை ஏழையாக்கவில்லை. அதன் சர்க்கரை அந்நியச் செலாவணி சம்பாதித்தது. அந்தச் செலாவணியில் தெற்கத்திய ஆலைகளுக்கு இயந்திரம் வந்தது. வெளிநாட்டுச் சரக்குக்குக் கட்டுப்பாடு இருந்ததால் வடகிழக்கத்தியர் தங்களுக்கு வேண்டிய சாமான்களைச் சாவ் பாலோவில்தான் வாங்க வேண்டும், அதுவும் கூடுதல் விலைக்கு. ஒரே நாடு, ஒரே நாணயம், நடுவில் சுங்கச் சாவடி கிடையாது. இருந்தும் ஏழை வட்டாரத்திலிருந்து பணக்கார வட்டாரத்துக்குச் செல்வம் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. என் மைத்துனரின் லாரிக் கணக்கை ஒரு கண்டத்தின் அளவுக்குப் பெரிதாக்கினால் இதுதான் வரும். பிரேசிலின் வடகிழக்கில் தனிநபர் வருமானம் இன்றும் நாட்டுச் சராசரியில் ஏறத்தாழ பாதிதான்.

மெக்சிகோவை ஒரு வரியில் கடந்துவிடலாம்: 1994இல் அமெரிக்காவோடும் கனடாவோடும் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே தெற்குக் கோடியில், சியாபாஸில், பழங்குடி மக்கள் ஆயுதம் எடுத்தார்கள், வடக்கு எல்லையில் தொழிற்சாலைகள் எழுந்தன.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். சென்ற வாரம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். தன்பாத்–ஆலப்புழை ரயிலில் ராஞ்சியில் ஏறிக் கோவையில் இறங்கி வந்திருக்கிறார். தேநீர்க் கடையில் அவர் தமிழில் "சக்கரை கம்மி" என்றார். நம்மைவிட நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார். உங்கள் ஊரில் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். நிலக்கரி என்றார், இரும்பு என்றார். பிறகு ஏன் இங்கே இலை பறிக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதில் எனக்கே தெரியும்.

1950களில் டெல்லி ஓர் ஏற்பாடு செய்தது. சரக்குக் கட்டணச் சமன் என்று பெயர். இரும்பும் சிமென்டும் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே விலை; போக்குவரத்துச் செலவை எல்லார் தலையிலும் பகிர்ந்துவிடுவது. கேட்க நியாயமாக இருக்கிறதல்லவா? ஆனால் சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை வைப்பதில் இருந்த ஒரே லாபம் அதோடு போயிற்று. இரும்பை உருக்கும் வேலை அங்கேயே நின்றது. இரும்பை வைத்து மோட்டாரும் பம்புசெட்டும் செய்யும் வேலை துறைமுகமும் சந்தையும் உள்ள மாநிலங்களுக்கு நகர்ந்தது. அப்படி வந்து கொழித்தவர்களில் நாமும் உண்டு. கோவையின் பட்டறைகளைப் பற்றிப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்வது நாகரிகம். 1990களின் தொடக்கத்தில்தான் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அந்த இளைஞரின் ஜார்க்கண்ட் 2000 வரை பீகாரோடுதான் இருந்தது. பீகாரின் வீழ்ச்சிக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நில உறவுகள், ஆட்சி, கல்வி என்று வேறு பலவும் உண்டு. ஆனால் இன்று பீகாரின் தனிநபர் வருமானம் நாட்டுச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டுடையது சராசரியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தத் தம்பிக்கு நம் மலையே சமவெளி. மேட்டுப்பாளையத்தைப் பார்த்து நாம் விடுகிற பெருமூச்சை அவர் நம்மைப் பார்த்து விடுகிறார்.

சாலையே இல்லாத கிராமங்களுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து மத்திய அரசு சாலை போட்டுக்கொண்டு வருகிறது. சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற இருவர் அதன் பலனை ஆராய்ந்தார்கள். விளைச்சலிலும் வீட்டின் உடைமையிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: ஆட்கள் விவசாயத்தை விட்டு வெளியூர்க் கூலி வேலைக்குப் போனார்கள். இதை நான் குறை சொல்லவில்லை. காலை பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போவதும் ஒரு விடுதலைதான். நம் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போவதும் அப்படித்தான். ஆனால் சாலை போட்டால் கேரட்டுக்கு விலை வரும் என்று நம்பியிருந்தோமே, வந்தது பஸ்.

தேயிலையைத் தொடாமல் இறங்கினால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். நம் தேயிலைக்குச் சோவியத் யூனியன் பெரிய வாடிக்கையாளர். 1991இல் அந்த நாடே இல்லாமல் போயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. கிழங்கையும் கோசையும் விட்டுவிட்டுத் தேயிலை வைத்த குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்பதற்கு இந்த அறையிலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். என் அப்பா அந்த வருடங்களில் இலை பறிக்க ஆள் வைத்தால் கூலிக்கே காணாது என்று செடிகளை வளரவிட்டுவிட்டார். தோட்டம் காடாக நின்றது. சாலை அப்போதும் இருந்தது, மலை ரயில் இருந்தது, குன்னூர் ஏல மையம் இருந்தது. இன்றும் பச்சைத் தேயிலையின் விலையை ஏலச் சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. இலையைக் கிள்ளிய சில மணி நேரத்தில் ஆலைக்குக் கொடுத்தாக வேண்டும். வைத்து விற்க முடியாத சரக்கைக் கையில் வைத்திருப்பவன் பேரம் பேசுவதில்லை.

நேர்மாறாக ஒன்று பூண்டு. மலைப்பூண்டை வாங்க வடமாநில வியாபாரிகள் மேட்டுப்பாளையத்துக்கு வந்து நிற்கிறார்கள். விதைக்கு வேண்டுமாம். பூண்டு காத்திருக்கும். பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டினால் இன்னும் காத்திருக்கும். அடுக்களைப் புகையில் கறுத்த அந்தப் பூண்டுக்கட்டுதான் நம் மலையின் முதல் கிடங்கு. விலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் என்று சொல்லலாம். 'சரிங்க' என்று சொல்ல வேண்டியதில்லை. எப்போதும் விலை கிடைக்கிறதா என்றால் இல்லை. பூண்டும் சில வருடம் காலை வாரியிருக்கிறது. ஆனால் பேசுவதற்கு வாய் இருக்கிறது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நாம் மனுப்போடும்போது எப்போதும் கொண்டை ஊசி வளைவை அகலப்படுத்து என்றே எழுதுகிறோம். எழுதலாம், ஆம்புலன்ஸுக்கு வேண்டும். மண் சரிந்து மூன்று நாள் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த மனுவிலேயே ஒரு குளிர்பதனக் கிடங்கையும் எழுதினோமா? கேரட்டைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கூடத்தை மேட்டுப்பாளையத்தில் இல்லாமல் இங்கே கேட்டோமா? இரவெல்லாம் பிடுங்கிக் கழுவுவது நாம். தரம் பிரித்து, பெயர் ஒட்டி, விலை வைப்பது கீழே. ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோவை விமான நிலையத்துக்கு நம் சரக்கு நம் பெயரிலேயே போக வழி கேட்டோமா? என் மைத்துனரிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் பத்துப் பேர் சேர்ந்தால்தான் மாமா ஆகும். பத்துப் பேர் சேர்ந்தால் பதினோராவது சண்டை வரும்" என்றார். அவர் சொன்னதிலும் அனுபவம் இருக்கிறது.

ஒரு வேலை சொல்லிவிட்டு உட்காருகிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு மண்டிச் சீட்டு கொண்டுவாருங்கள். கேரட்டோ, கோசோ, பீட்ரூட்டோ, எதுவானாலும் சரி. கூடவே அதே வாரம் வாங்கிய மளிகைச் சாமான் ரசீதையும் எடுத்துவாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூலியும் வாடகையும் எவ்வளவு என்று கரும்பலகையில் கூட்டிப் பார்க்கலாம். கூட்டுவதற்குச் சுவரோரம் நிற்கும் தம்பிகள் இருக்கிறார்கள். செல்போனில் கணக்குப் போடத் தெரியாதவர்கள் அவர்களில் யாரும் இல்லை.

கேர்பெட்டா பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் இன்னும் கால் மணி நேரத்தில் கிளம்பிவிடும். கேள்விகளை நடந்துகொண்டே கேட்கலாம், நானும் ஸ்டாண்டு வரை வருகிறேன். வணக்கம்.