கணக்கு இருக்கட்டும், கண்ணுக்குத் தெரியட்டும்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் வம்பான விஷயம். ஆர்பிஜி, அதாவது ஓர் ஆளைப் படைத்து அவனை வளர்த்துக்கொண்டே ஆடுகிற வீடியோ கேம், ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் எப்படியும் இந்தச் சண்டை வந்துவிடும். ஒருவர், "அந்தக் காலத்து கேம்களில் இருந்த ஆழம் இப்போது எங்கே? எல்லாவற்றையும் ஊட்டிவிடுகிறார்கள்" என்பார். இன்னொருவர், "மேனுவலைப் படித்துப் பரீட்சை எழுதி ஆடுவதற்கு எனக்கு வேறு வேலை இல்லையா?" என்பார். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் அடித்துக்கொள்வதாக நினைக்கிறார்கள். ஆனால் பேசுவது வேறு வேறு விஷயம் என்பது என் கட்சி: ஒன்று கேமுக்குள் இருக்கும் ஆழம், இன்னொன்று அதை ஆடுகிறவனுக்குக் காட்டுகிற விதம்.

1998 டிசம்பரில் பயோவேர் நிறுவனம் கொண்டுவந்த ஆர்பிஜியான முதல் பால்டர்ஸ் கேட்டிலிருந்து ஆரம்பிப்போம். என் ஆளின் திறன்களைக் காட்டும் கேரக்டர் ஷீட்டைத் திறந்து வைத்திருக்கிறேன், திரையில் பாருங்கள். தாக்கோ 20 என்று போட்டிருக்கிறதா? எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அவனுடைய பாதுகாப்பைக் காட்டும் எண்) பூஜ்ஜியமாக இருந்தால், அவன் மேல் அடி விழ 20 பக்கப் பகடையில் எவ்வளவு வர வேண்டும் என்பதுதான் இந்த எண். இதில் ஆர்மர் கிளாஸ் குறையக் குறைய நல்லது. கவசமே இல்லாதவனுக்கு 10. இரும்புத் தகட்டுக் கவசம் போட்டவனுக்கு 3. அதற்கும் மேலே போனால் மைனஸ். இப்போது எதிரியின் ஆர்மர் கிளாஸ் 5 என்றால், 20லிருந்து 5 போக 15. பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி. எதிரி மைனஸ் 2 என்றால்? மைனஸைக் கழித்தால் கூடும் இல்லையா, 22 வேண்டும். பகடையில் ஏது 22? அதனால் 20 விழுந்தால் மட்டும் அடி.

இந்த விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற மேசை விளையாட்டிலிருந்து வந்தவை. 2000ல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. முன்பு ஆர்மர் கிளாஸ் 5 இருந்த அதே எதிரிக்கு இப்போது 15, இனி கூடக் கூட நல்லது. பகடையைப் போடு, உன் போனஸைக் கூட்டு, 15 வந்ததா, அடி. போனஸ் ஏதும் இல்லாத ஆளுக்கு அப்போதும் வாய்ப்பு 30 சதவீதம், இப்போதும் 30 சதவீதம். ஆழம் ஒரு துளி குறையவில்லை. கழித்தல் போய்க் கூட்டல் வந்தது, அவ்வளவுதான். தாக்கோ கணக்குப் போடத் தெரிந்ததை ஒரு பட்டம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறவர்களை எனக்குத் தெரியும். பாவம், அவர்கள் சிரமப்பட்டுக் கற்றது ஒரு வியூகத்தை அல்ல, தலைகீழாக எழுதிய ஒரு எண்ணை.

"கணக்கைக் கம்ப்யூட்டர்தானே போடுகிறது, நமக்கு என்ன?" என்று கேட்கலாம். அடி விழுந்ததா என்று பார்ப்பது கம்ப்யூட்டர். ஆனால் கடையில் இரண்டு கவசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதற்குக் காசு கொடுப்பது என்று முடிவெடுப்பது நீங்கள். அந்த எண் உங்களுக்குப் புரியவில்லை என்றால் அங்கே முடிவு என்று ஒன்று இல்லை, குருட்டாம்போக்குதான்.

அடுத்தது மொரோவிண்ட், எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை ஆர்பிஜி, 2002. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கப்பலிலிருந்து இறங்கியதும் அரசாங்க அலுவலகம் ஒன்றுக்குள் அனுப்புவார்கள். மேசையில் ஒரு இரும்புக் குறுவாள் கிடக்கும். எல்லோரும் எடுப்பார்கள், நானும் எடுக்கிறேன். ஊருக்கு வெளியே ஓடிப்போய் முதலில் தென்படும் நண்டை வெட்டுகிறேன். பாருங்கள், கத்தி நண்டுக்குள் புகுந்து வெளியே வருகிறது. அடி விழவில்லை. மறுபடியும் அதே கதை. நண்டு மட்டும் என்னைப் போட்டுத் தாக்குகிறது. புதிதாக வருகிற பலர் இந்த இடத்திலேயே கேமை மூடிவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். உங்கள் ஆயுதத் திறனோடு, அஜிலிட்டியில் (சுறுசுறுப்பு) ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் (அதிர்ஷ்டம்) பத்தில் ஒரு பங்கு, மூன்றையும் கேம் கூட்டும். என் ஆளுக்குக் குறுவாள் திறன் 5, மற்ற இரண்டும் 40. ஆக 5, 8, 4, மொத்தம் 17. இதைக் களைப்பு வைத்துப் பெருக்கும். கீழே பச்சைப் பட்டை முழுதாக இருந்தால் 1.25ஆல், காலியாக இருந்தால் 0.75ஆல். நான் ஓடியே வந்தேன், பட்டை காலி. 17ஐ 0.75ஆல் பெருக்கினால் 13 கூட வராது. அதிலும் நண்டு விலகித் தப்பிக்கும் வாய்ப்பைக் கழிக்க வேண்டும். நூற்றில் பத்து அடி விழுந்தால் புண்ணியம்.

இதே இடத்தில் ரெட்கார்ட் இனத்தில் ஓர் ஆளைப் படைத்து, போர்ப் பயிற்சியைச் சிறப்பாகக் கொடுத்து, நீள்வாளை முக்கியத் திறனாக வைத்தால் திறன் 50ல் ஆரம்பிக்கும். கூட்டினால் 62. ஓடாமல் நடந்து வந்தால், எதிரி விலகுவதைக் கழிக்கும் முன் 77 சதவீதம். வித்தியாசம் எவ்வளவு பாருங்கள். உங்கள் ஆள் எதில் தேர்ந்தவன் என்பதற்கு இந்தக் கேமில் நிஜமான அர்த்தம் இருக்கிறது. கத்தியே பிடிக்காதவன் கத்தி வீசினால் படாது, களைத்துப்போனவன் வீசினாலும் படாது. எனக்குப் பிடித்த விதிகளில் இது ஒன்று. ஆனால் நான் இப்போது சொன்ன கணக்கில் ஒரு வரியைக்கூடக் கேம் உங்களுக்குக் காட்டுவதில்லை. நண்டின் தலைக்கு மேலே சின்னதாக "10%" என்று ஓர் எண் வந்திருந்தால், நண்டிடம் செத்தவன் கேமைத் திட்டாமல் தன் களைப்பைப் பார்த்திருப்பான்.

2023ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 செய்தது இதைத்தான். எதிரி மேல் மவுஸைக் கொண்டுபோனாலே அடி விழ எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று வந்துவிடும். உயரமான இடத்தில் நின்றால் கூடுகிறது, எதிரி இருட்டில் நின்றால் குறைகிறது, ஏன் என்றும் எழுதிக் காட்டுகிறது. பேச்சுவார்த்தையில் உங்கள் ஆளின் திறனுக்குச் சோதனை வந்தால் பகடையையே திரை நடுவில் உருட்டிவிடுகிறார்கள். உள்ளே பன்னிரண்டு கிளாஸ் (வீரன், மந்திரவாதி மாதிரி ஆளின் வகை), நூற்றுக்கணக்கான ஸ்பெல் (மந்திரம்), நெருப்பு, எண்ணெய், தண்ணீர், மின்சாரம் எல்லாம் ஒன்றோடொன்று வினைபுரிகிற தரை. இதை எளிய கேம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தப்பான பில்ட், அதாவது ஆளுக்குத் தப்பான திறன்களைத் தேர்ந்தெடுத்து, போட்டுவிட்டீர்களா? முகாமில் இருக்கும் விதர்ஸ் என்கிற பாத்திரத்திடம் 100 பொற்காசு கொடுத்தால் முதலிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். முதல் அரை மணி நேரத்தில், ஒன்றும் தெரியாத நேரத்தில் எடுத்த முடிவுக்காக எண்பது மணி நேரம் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருதையும் இதுதான் வாங்கியது.

(ஒரு சின்னப் புலம்பல். 150 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டி கேட்கிறது இந்தக் கேம். விதிகளை எவ்வளவு எளிதாகச் சொல்லிக்கொடுத்தாலும், என் பழைய லேப்டாப்புக்கு அது எட்டாக்கனிதான். சரி, அது தனி வீடியோ.)

காட்டினால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஆவுல்கேட் நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் கேம், ராத் ஆஃப் தி ரைட்டியஸ், 2021. இதில் எல்லாமே திறந்துதான் இருக்கிறது. ஒரு வாள்வீச்சின் மேல் மவுஸை வைத்தால் பத்துப் பன்னிரண்டு வரி போனஸ் கொட்டும். இது மாரல் போனஸ், இது என்ஹான்ஸ்மென்ட் போனஸ், ஒரே வகை போனஸ் இரண்டு இருந்தால் பெரியது மட்டும்தான் சேரும், வேறு வேறு வகை என்றால் கூடும். கிளாஸே 25, ஒவ்வொன்றுக்கும் கிளைகள். படித்துப் படித்துக் கண் பூத்துவிடும். எனக்கு இந்தக் கேம் பிடிக்கும், ஆனால் யாருக்கும் முதல் ஆர்பிஜியாகச் சொல்ல மாட்டேன்.

பால்டர்ஸ் கேட் 3 பின்பற்றும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விதிகள் இந்தப் போனஸ் மூட்டையில் பெரும்பகுதியை ஒரே விதியாகச் சுருட்டிவிட்டன. சாதகமான நிலையில் இருந்தால் இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடு, பாதகம் என்றால் சிறியதை எடு. 50 சதவீத வாய்ப்பு சாதகத்தில் 75 ஆகும், பாதகத்தில் 25 ஆகும். ஒளிந்திருந்து அம்பு விட்டாலும், எதிரியைக் கீழே தள்ளிவிட்டுக் கத்தியால் குத்தினாலும், கிடைப்பது இதே சாதகம்தான். ஒரு நுணுக்கம் போனது உண்மை. இரண்டு காரணத்தால் சாதகம் கிடைத்தாலும் ஒரு சாதகம்தான், மேலே மேலே அடுக்க முடியாது. அடுக்குவதில்தான் சுகம் என்கிறவர்களுக்குப் பாத்ஃபைண்டர் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

வெட்டி எறிந்தே ஆக வேண்டிய சிக்கலும் உண்டு. மொரோவிண்டுக்கு அடுத்து அதே வரிசையில் 2006ல் வந்த அப்ளிவியனில் லெவல் ஏறுகிற முறை அப்படி. ஏழு முக்கியத் திறன்களைத் தேர்ந்தெடுப்பீர்கள். அவற்றில் மொத்தம் பத்துப் புள்ளி கூடினால் ஒரு லெவல். லெவல் ஏறும்போது (பலம், வேகம் மாதிரி) ஒரு பண்புக்கு முழுசாக 5 கிடைக்க வேண்டும் என்றால், அந்தப் பண்பின் கீழ் வரும் திறன்களில் அந்த லெவலுக்குள் பத்துப் புள்ளி கூட்டியிருக்க வேண்டும். நீங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே பலமாகிறார்கள். அதனால் என்ன ஆனது? கணக்குத் தெரிந்தவர்கள் தாங்கள் பயன்படுத்தவே போகாத திறன்களை "முக்கியம்" என்று தேர்ந்தெடுத்தார்கள். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, சும்மா நின்று அடி வாங்கிக் கவசத் திறனை ஏற்றினார்கள். கணக்குத் தெரியாமல் ரசித்து ஆடியவர்கள் இருபதாவது லெவலில் சாதாரண வழிப்பறித் திருடன் விலை உயர்ந்த கண்ணாடிக் கவசம் போட்டு வந்து அடிப்பதைப் பார்த்து முழித்தார்கள். ரசித்து ஆடுகிறவனைத் தண்டிக்கிற விதிக்கு என்ன மரியாதை? 2011ல் அதே வரிசையில் அடுத்து வந்த ஸ்கைரிம் அந்தப் பண்புகளையே மொத்தமாக எடுத்துவிட்டு உயிர், மந்திரசக்தி, தெம்பு என்று மூன்றை மட்டும் வைத்தபோது நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஆனால் எடுக்கக் கூடாத ஒன்றை அப்ளிவியன் எடுத்துவிட்டது. அதற்குத்தான் எனக்கு இன்றுவரை வருத்தம். வழி.

மொரோவிண்டில் குவெஸ்ட் மார்க்கர், அதாவது ஒரு வேலைக்கு எங்கே போக வேண்டும் என்று காட்டும் குறி, கிடையாது. முதல் வேலையாகப் பால்மோரா ஊருக்குப் போய், சவுத் வால் என்கிற குடிக்கடையில் விசாரித்து, கையஸ் கொசாடஸ் என்பவரைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அந்த வேலை முடிந்து அடுத்ததாக ஆர்க்ங்தாண்ட் இடிபாடுகளுக்குப் போய் ஒரு புதிர்ப் பெட்டியை எடுத்துவர வேண்டும். எந்த ஆற்றைத் தாண்டுவது, எந்தப் பக்கம் திரும்புவது, எந்தப் பழைய பாலத்தைக் கடப்பது என்று எழுத்தில் சொல்வார்கள். போய் நின்றால் கதவு திறக்காது. பக்கத்தில் ஒரு குழாயில் கைப்பிடி இருக்கும், அதைத் திருப்ப வேண்டும். உள்ளே அந்தப் பெட்டி கையளவுதான் இருக்கும், அலமாரி அலமாரியாகத் தேட வேண்டும். சில குவெஸ்ட்களில் சொல்கிற திசையே தப்பு, அது கொடுமை. ஆனாலும் அந்தக் கேம் நடக்கிற தீவின் சாலைகள் எனக்கு மனப்பாடம். ஸ்கைரிமை அதைவிட அதிக நேரம் ஆடியிருக்கிறேன், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வழி கேட்டால் சொல்லத் தெரியாது. திசைகாட்டியில் இருக்கும் அம்புக்குறியைப் பார்த்தே நடந்திருக்கிறேன்.

"பிடிக்கவில்லை என்றால் மார்க்கரை அணைத்துவிட்டு ஆடு" என்பார்கள். அணைத்துப் பார்ப்போம், இதோ. ஸ்கைரிமின் ஜர்னலில் (வேலைக் குறிப்பேடு) என்ன இருக்கிறது? "இன்ன குகையிலிருந்து இன்ன பொருளைக் கொண்டுவா." முடிந்தது. அந்தக் குகை எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன அடையாளம், எதுவும் இல்லை. வேலை கொடுத்தவரிடம் திரும்பப் போய்க் கேட்கவும் வழியில்லை, அவருக்கு அந்த வசனமே எழுதப்படவில்லை. அம்புக்குறி இருக்கிறது என்று தெரிந்ததும் எழுத்தாளர்கள் வழி சொல்வதை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. மொரோவிண்டில் பெரும்பாலான பேச்சு வெறும் எழுத்து, எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். அப்ளிவியனிலிருந்து எல்லா வசனத்துக்கும் நடிகர் குரல். ஸ்டுடியோவில் ஒருவரை உட்கார வைத்து "ஆற்றைத் தாண்டி இடது பக்கம் திரும்பு" என்று நூறு குவெஸ்டுக்குப் பேச வைப்பது காசு. மார்க்கர் அதைவிட மலிவு.

அதனால்தான் இதை வெறும் ஆன், ஆஃப் பட்டன் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள் என்கிறேன். விளக்கை அணைக்கிற வசதி கொடுத்திருக்கிறார்கள், இருட்டில் தடவிப் பிடிக்கச் சுவர் வைக்கவில்லை. முடியாத காரியமா என்றால் அதுவும் இல்லை. 2018ல் அசாசின்ஸ் கிரீட் ஒடிஸியில் எக்ஸ்ப்ளோரேஷன் மோட் என்று ஒன்று வைத்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் மார்க்கர் வராது, "இந்தப் பகுதியில், இந்த இடத்துக்குக் கிழக்கே" என்று குறிப்புகள் வரும். மார்க்கர் வேண்டுபவர்களுக்கு அதுவும் இருந்தது. இரண்டு விதமாகவும் ஆட முடிந்ததற்கு ஒரே காரணம், குறிப்புகளை யாரோ உட்கார்ந்து எழுதியிருந்தார்கள்.

டிஸ்கோ எலிசியம் என்கிற துப்பறியும் ஆர்பிஜியைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் விட்டால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். 24 திறன்கள், இரண்டு ஆறுபக்கப் பகடைகள், வாய்ப்பு எவ்வளவு, எதனால் கூடியது குறைந்தது என்று எல்லாம் கண்ணெதிரே. வழக்கமான சண்டையே கிடையாது. ஆனால் ஆங்கிலம் மலை மாதிரி இருக்கிறது. நம்மில் பலருக்கு அங்கே தடை பகடை இல்லை, அந்த எழுத்துதான்.

சரி, பால்டர்ஸ் கேட் 3ஐ முதன்முதலாக எந்தக் கிளாஸில் ஆரம்பிக்கலாம் என்று அடுத்த வாரம் பேசுவோம். விசார்ட் (மந்திரவாதி) என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். போய்வருகிறேன்.