படிப்பு லோன் ஓடும்போது வீட்டு லோன் கிடைக்குமா?

வணக்கம் நேயர்களே. பேங்க்ல லோன் செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் இருந்தவன் நான், அங்க அதிகமா கேட்ட கேள்வி இதான், "சார், படிப்பு லோன் இன்னும் முடியல, வீட்டு லோன் குடுப்பீங்களா?" குடுப்பாங்க. ஆனா எவ்ளோ குடுப்பாங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு.

பாக்கி எவ்ளோன்னு பாக்கறத விட மாசாமாசம் எவ்ளோ கட்டறீங்கன்னுதான் பேங்க் முதல்ல பாக்கும். கைக்கு வர்ற சம்பளம் 60,000, அதுல பாதி, அதாவது 30,000 வரைக்கும் இஎம்ஐ, அதாவது மாசத் தவணை, தாங்கும்னு கணக்கு போடறாங்கன்னு வைங்க, இது பேங்குக்கு பேங்க் மாறும். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா லட்சத்துக்கு மாசம் 868 ரூபா, அப்ப 34 லட்சத்துக்கு மேல லோன் வரும். கல்விக்கடனுக்கு மாசம் 9,000 போச்சுன்னா மிச்சம் 21,000தான், லோன் 24 லட்சத்துக்கு இறங்கிடும். பாக்கி வெறும் 2 லட்சமா இருந்தாலும் இதே கதைதான்! அந்த 2 லட்சத்த முடிச்சிட்டு வந்தா 10 லட்சம் கூடுதலா கிடைக்கும். ஆனா வீட்டுக்குன்னு சேத்த காசுல கை வைக்கறதுக்கு முன்னாடி பத்திரச் செலவ பாத்துக்கோங்க, தமிழ்நாட்டுல முத்திரைத்தீர்வை 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம், அது பெரும்பாலும் நம்ம கைக்காசுதான்.

அடுத்தது சிபில், நாம கடன ஒழுங்கா கட்டறோமான்னு பதிவு வச்சிருக்கற கம்பெனி. ஒரு பொண்ணு, நல்ல வேலை, அப்பாவ கூட்டிட்டு வந்துச்சு. ரிப்போர்ட்ட பிரிண்ட் எடுத்தா மாசத்துக்கு ஒரு கட்டம், வரிசையா நாலு கட்டத்துல 30, 60, 90, 120ன்னு நிக்குது, தவணை அத்தன நாள் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல தவணை ஆரம்பிச்சிருக்கு, லெட்டர் பழைய வாடகை வீட்டுக்கு போயிருக்கு, இவங்களுக்கு தெரியவே இல்ல. அப்பாவும் சேந்து கையெழுத்து போட்ட கடன்ங்கறதால அவர் பேர்லயும் அதே கட்டம். டெய்லர் அவரு, யார்கிட்டயும் பாக்கி வச்சு பழக்கமில்லாத மனுஷன், அந்த நாலு நம்பரையும் விரலால தடவிட்டே இருந்தாரு, எனக்கு பேச்சே வரல. ஒன்றரை வருஷம் ஒழுங்கா கட்டிட்டு திரும்ப வந்தாங்க, அப்புறம்தான் லோன் பாஸ் ஆச்சு.

அதனால வீடு பாக்கறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட்ட எடுத்து பாருங்க, அப்பா அம்மா ரிப்போர்ட்டையும் சேத்து. சிபிலோட சேத்து இந்த மாதிரி 4 கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ரீ. தப்பு இருந்தா புகார் குடுங்க, 30 நாள்ல சரி பண்ணலன்னா நாளுக்கு 100 ரூபா இழப்பீடுன்னு ரிசர்வ் பேங்க் ரூலே போட்டிருக்கு.

இன்னொண்ணு, கொஞ்சம் தள்ளுபடி தர்றோம் செட்டில் பண்ணிக்கோங்கன்னு யாராவது போன் பண்ணா தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க, ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு, அதாவது முழுசா கட்டாம முடிச்சதுன்னு, விழுந்தா வீட்டு லோன் குடுக்க பேங்க் ரொம்ப யோசிக்கும். முழுசா கட்டி, பாக்கி இல்லன்னு சொல்ற நோ டியூ சர்டிபிகேட்ட கையில வாங்கி, 'குளோஸ்டு'ன்னு மாறிடுச்சான்னு பாத்துட்டு அப்ளிகேஷன் போடுங்க. நன்றி, வணக்கம்.