ஊர் கூடி இழுக்கும் தேர்: கச்சேரி மேடை கற்பிக்கும் தலைமை

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாது வந்து எங்களை வாழ்த்தியருளிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இம்மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய பெரியவர் அவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைமையும் கூட்டுப்பணியும் என்ற தலைப்பில், கச்சேரி மேடையிலிருந்து நான் கற்ற செவிமடுத்தல், இடங்கொடுத்தல், நேரங்காத்தல் ஆகிய மூன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்க்கிறோம்; சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவரையும் நிறுத்துகிறவரையும் எத்தனை பேர் பார்க்கிறோம்? கச்சேரியில் அந்த வேலையைச் செய்பவர்கள், பாடகருக்குத் துணையாக வயலின், மிருதங்கம் போன்றவற்றை வாசிக்கும் பக்கவாத்தியக்காரர்கள்.

கர்நாடக இசைக் கச்சேரிகளில் பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. பாடகர் எந்த வரியை எடுத்துப் பலவிதமாக விரித்து நிரவல் செய்வார், எத்தனை ஆவர்த்தனம், அதாவது தாளச் சுற்று, சுரம் பாடுவார் என்பது வயலின்காரருக்கு அந்தக் கணத்தில்தான் தெரியும். ஆகவே மேடையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தைவிட அடுத்தவரின் வாத்தியத்தையே அதிகமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இடங்கொடுத்தலுக்குப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரைத்தான் சொல்ல வேண்டும். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கம் உடையவர். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வழக்கமாக வலக்கையால் வாசிக்கும் முகம், சபையை நோக்கி இருக்க வேண்டுமென்றால் அவர் வழக்கத்திற்கு மாறாகப் பாடகரின் இடப்புறம் அமர வேண்டும். வயலின் வலப்புறம் போக வேண்டும். இதற்குச் சில வயலின் வித்வான்கள் இணங்காத காலத்தில், அவரைப் பக்கத்தில் அமர்த்தி ஆதரித்தவர் செம்பை. ஒருவரின் திறமைக்காக மேடையின் அமைப்பையே மாற்றத் துணிந்த அந்த மனம்தான் தலைமை.

நேரங்காத்தலுக்கு நான் கண்ட ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் கச்சேரி. கல்யாணி ராகத்தில் சுரம் களைகட்டியிருந்தது. பாடகர் பாட, வயலின்காரர் அவருக்கு ஒரு படி மேலே போய் விடை சொல்ல, அருகிலிருந்த முதியவர் தொடையில் தாளம் தட்டித் தட்டிச் சோர்ந்தே போனார். அப்போது வயலினின் தந்தி பட்டென்று அறுந்தது. வயலின்காரர் இளைஞர், முகம் வெளிறிவிட்டது. பாடகர் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் சபை முழுவதும் அந்தப் பிள்ளையைத்தான் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். சுரத்தைச் சுருக்கி, பாடல் வரி தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து, மிருதங்கக்காரரை நோக்கிக் கைகாட்டினார். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கிவிட்டது! மிருதங்கமும் கடமும் கால் மணி நேரம் வாசித்தன. நான்கைந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய தனி, இளைஞர் தந்தி பூட்டிச் சுருதி சேர்த்து நிமிரும்வரை நீண்டது. நிமிர்ந்ததைக் கண்ட பிறகே மிருதங்கக்காரர் தனியை முடிக்கும் கோர்வைக்கு வந்தார். ஊர் கூடி இழுத்த தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது.

மறு ஆண்டு அதே குழு அதே சபைக்கு வந்தது. அழைப்பிதழில் பாடகரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கீழே "பக்கவாத்தியங்களுடன்" என்ற ஒரே சொல். அன்றிலிருந்துதான், பக்கவாத்தியக்காரர்களின் பெயரை அச்சிடுங்கள், தனி தொடங்கியதும் எழுந்து போகாதீர்கள் என்று மேடைதோறும் மன்றாடி வருகிறேன். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1942 முதல் வழங்கப்படுகிறது. ஒரு மிருதங்க வித்வானாகப் பாலக்காடு மணி ஐயர் அதைப் பெற 1966 வரை ஆயிற்று. அவருக்கே இந்த நிலை என்றால் தம்புரா மீட்டுகிறவரை யார் நினைப்பார்கள்? மூன்று மணி நேரம் சுருதியைத் தாங்கிப் பின்னால் அமர்ந்திருக்கும் அவரும் அந்தத் தேரை இழுப்பவர்தாமே.

சற்று நேரத்தில் இதே மேடையில் கச்சேரி தொடங்கவிருக்கிறது. அழைப்பிதழில் பாட்டு, வயலின், மிருதங்கம் என மூன்று பெயர்கள் உள்ளன. தம்புரா மீட்டவிருக்கும் அம்மையார் இப்போது திரைக்குப் பின்னால் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார். செயலாளர் அவர்கள் அவரிடம் பெயரைக் கேட்டு, கச்சேரி தொடங்குமுன் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.